பக்கெட்டில் வந்த மாப்பிள்ளை

"ஏனுங்க, கல்யாண ஊடா... எளவு ஊடா?"

போன மாதம் இத்தலாரிலிருந்து திரும்பும்போது பஸ் கண்டக்டர் எங்களைக் கேட்ட கேள்வி இது. கேட்டதில் தப்பே இல்லை. என் மடியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அது நிறைய வெள்ளை வெளேரென்று பூத்த கிளைகள். பக்கத்து சீட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா. அவர் மடியிலும் அதே மாதிரி ஒரு பக்கெட். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் இரண்டு பக்கெட்டிலிருந்தும் தண்ணீர் தளும்பி முன் சீட்டுக்காரர் முதுகில் தெறிக்கிறது. அவர் கனமான ஸ்வெட்டர் போட்டிருந்ததால் நாங்கள் பிழைத்தோம்.

நான் பதில் தேடுவதற்குள் ஸ்டெல்லாக்கா முந்திக்கொண்டார்.

"கல்யாணந்தான் தம்பி. நாங்க மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம்."

கண்டக்டர் பக்கெட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இரண்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். மலை ரூட்டில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கு எதுவும் புதிதில்லை போலிருக்கிறது.

உங்களுக்குப் புதிதாக இருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான். வெட்கம் முழுக்க என்னுடையது என்பதால் தைரியமாக எழுதலாம்.

நீலகிரியில் பிக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர். கோயமுத்தூரில் இருந்தவரை தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாதவள் நான். என் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் மேய்த்தவர். பத்து வருஷத்துக்கு முன்னால் மலையேறினோம். இப்போது அவர் ஆடு மேய்க்கிறார். ஏழு ஆடு, பதினோரு கோழி, இரண்டு பேரி மரம், ஒரு பீச், வேலி நெடுக பேஷன் ஃப்ரூட் கொடி. அப்புறம்... என் பிளம்ஸ் மரம்.

'என்' என்று அழுத்திச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். ஆடு, கோழி எல்லாம் அவர் ராஜ்யம். நான் போய்க் கூப்பிட்டால் ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்காது. அந்த ஒரு மரம் மட்டும்தான் என் கையால் குழி எடுத்து, கொப்புளம் வந்து, நட்டு, தண்ணீர் ஊற்றி ஆளாக்கியது. நான்காம் வருஷம் காய்த்தது பாருங்கள்! கருஞ்சிவப்புப் பழம். கடித்தால் சாறு முழங்கை வரை ஓடும். மே மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் பிளம்ஸ்தான். பழமாக, ஜாமாக, கடைசியில் ரசமாக. (அந்த ரசத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியபோது நீங்கள் போட்ட கடிதங்களை நான் இன்னும் மறக்கவில்லை.)

வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்டெல்லாக்கா. எஸ்டேட் டிஸ்பென்சரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்தவர். அந்த எஸ்டேட்டில் பிறந்த பாதிப் பேரை முதலில் தூக்கிப் பிடித்தது அவர் கைதான். ரிட்டயர் ஆனபின் தனியாக இருந்துகொண்டு கேரட், பூண்டு, பீன்ஸ் என்று விவசாயம் பார்க்கிறார். அவரிடமும் ஒரு பிளம்ஸ் மரம் இருந்தது. வேறு ஜாதி. மஞ்சளில் சிவப்பு ஓடிய பழம். நின்றது வேலி ஓரத்தில். பாதிக் கிளைகள் எங்கள் ஆட்டுக் கொட்டகையின் தகர ஷீட்டுக்கு மேலே.

எங்கள் ஆட்டுப் புழுக்கை மூட்டை மூட்டையாக அவர் கேரட் பாத்திக்குப் போகும். அவர் கேரட் தழை கட்டுக் கட்டாக எங்கள் ஆடுகளுக்கு வரும். யாரும் யாரிடமும் கேட்டதில்லை. வேலியில் ஒரு இடைவெளி, அதில் மூட்டையை வைத்தால் அடுத்த நாள் அங்கே தழை இருக்கும். அப்படி ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

ஓடுகிற வண்டியை நிறுத்துவதில் எனக்கு ஒரு தனித்திறமை உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதம். எங்கள் ஜிலேபிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஜிலேபி என்பது ஆடு. நெற்றியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுழி இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு நாள் நின்ற இடத்தில் நிற்கிறது, தலையைத் தூக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. நான் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். தரையெல்லாம் ஸ்டெல்லாக்கா மரத்துப் பழம், பாதி கடித்தது, முழுசாக விழுந்தது, நசுங்கியது. எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது.

நேராக வேலிக்குப் போனேன். சண்டை என்று வந்துவிட்டால் நாம் ஒரு விஷயத்தோடு நிறுத்துகிறோமா? தகர ஷீட்டில் பழம் விழுகிற சத்தம், தண்ணீர்க் குழாயை அடைக்கிற சருகு, ஜன்னலை மறைக்கிற நிழல் என்று வரிசையாக எடுத்துவிட்டேன். முத்தாய்ப்பாக ஒன்று சொன்னேன்.

"உங்க மரம் எங்க ஆட்டைக் கொல்லப் பாக்குது! அதுக்கு ஒரு முடிவு பண்ணுங்க. இல்லாட்டி நான் பண்ணறேன்!"

ஸ்டெல்லாக்கா கையிலிருந்த களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான்காம் நாள் காலை பவர் சா சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் மரம் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை மட்டும். ஜிலேபி அதற்குள் எழுந்து வேலியைத் தின்ன ஆரம்பித்திருந்தது. என் மனசாட்சி? அது அன்றைக்கு லீவு.

அதற்கப்புறம் எங்களுக்குள் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால்... நேரடிப் பேச்சு இல்லை. அவர் வீட்டுக் கோழி எங்கள் பக்கம் வந்தால் நான் அதனிடம் சத்தமாகச் சொல்வேன்: "ஏண்டி, உங்க ஊட்டுக்கு வழி தெரியாதா? அங்கெல்லாம் ரொம்ப ரோஷக்காரங்க, கெளம்பு!" எங்கள் ஆடு தலையை நீட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "இங்க வராத சாமி. எங்க காத்து பட்டாக்கூட உனக்குக் கழிச்சல் வந்துரும்."

இரண்டே முக்கால் வருஷம் ஆடும் கோழியும் எங்களுக்காகத் திட்டு வாங்கின.

இதற்கு நடுவில்தான் என் மரம் காய்க்காமல் போனது.

அடுத்த பிப்ரவரியில் பூத்தது. இலையே தெரியாமல் பூத்தது. அந்தப் பூவை நான் இதே பக்கத்தில் பெருமையாக வர்ணித்ததும், மே மாதம் நீங்கள் 'பழம் எங்கே?' என்று கேட்டதும், நான் வேறு தலைப்புக்குத் தாவியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பழம் இருந்தால்தானே சொல்வதற்கு? பூ எல்லாம் கொட்டிப்போய் மொட்டைக் கிளையில் இலைதான் வந்தது. உச்சியில் ஒரே ஒரு பழம். அதையும் ஒரு பறவை பார்த்துக்கொண்டது.

நானா விடுவேன்? எலும்புத்தூள் போட்டேன். மோரைக் கரைத்து ஊற்றினேன். ஒருவர் கண்ணேறு என்றார் என்று பழைய துடைப்பத்தையும் பிய்ந்த செருப்பையும் கிளையில் கட்டினேன். ஒருத்தர் அரிவாளை ஓங்கிக்கொண்டு 'காய்க்கிறாயா, வெட்டட்டுமா' என்று மரத்தை மிரட்ட வேண்டும், இன்னொருத்தர் ஓடிவந்து 'வேண்டாம், அடுத்த வருஷம் காய்க்கும்' என்று ஜாமீன் கொடுக்க வேண்டும் — அப்படியும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். செய்தோம். இவர் மிரட்டினார், நான் ஜாமீன். இவர் மிரட்டலில் துளி பயம் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே மிரட்டினார்.

இரண்டாவது வருஷமும் அதே கதை.

அப்போதுதான் இவர் அந்த வார்த்தையைச் சொன்னார். ஆடுகள் பெருகிவிட்டன, கொட்டகையை நீட்ட வேண்டும். நீட்டுவதற்குச் சமதரையாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. அதன் நடுவில் என் மரம்.

"கௌசி, இன்னும் ஒரு சீசன் பாப்போம். அதுலயும் காய் பிடிக்கலீன்னா கொட்டாயி அங்கதான். மேஸ்திரிகிட்ட பங்குனிக்குன்னு சொல்லி வெச்சுட்டேன்."

நான் சண்டை போட்டுப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். ஆனால் நியாயம் அவர் பக்கம் இருந்தது. மழையில் ஏழு ஆடும் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்பதை நானும் பார்க்கிறேனே? காய்க்காத மரத்துக்காக ஆடுகளை எப்படி நனைய விடுவது? ஒரு சீசன். என் மரத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.

இந்த ஜனவரியில் தோட்டக்கலைத் துறையிலிருந்து ஒரு இளம் அதிகாரி எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தார். சின்னப் பெண். டீ கொடுத்து, கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப் போகாத குறைதான். அவர் கிளையை வளைத்துப் பார்த்தார். பழம் எப்படி இருக்கும் என்று கேட்டார். துடைப்பத்தையும் செருப்பையும் பார்த்தார், பாவம், எதுவும் கேட்கவில்லை.

"இது ரூபியோ ரகமுங்க மேடம். தன் பூவால தானே காய்க்காது. பக்கத்துல ஹேல் மாதிரி இன்னொரு ரகம் நிக்கணும். அந்தப் பூவோட மகரந்தத்தைத் தேனீ கொண்டாந்து சேத்தாத்தான் பிஞ்சு பிடிக்கும்."

"முன்னால நல்லாக் காச்சுதே?" என்றேன்.

"அப்ப பக்கத்துல வேற பிளம்ஸ் மரம் ஏதாச்சும் இருந்துருக்குமுங்க. மஞ்சக் கலர்ல பழம்..."

நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்தான் மிகவும் உதவியாக, கையை நீட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அடிக்கட்டையைக் காட்டினார்.

"அதாங்க."

புரிகிறதா? பழம் விழுகிறது, சருகு விழுகிறது என்று நான் எதை வெட்டச் சொன்னேனோ, அதுதான் ஏழு வருஷமாக என் மரத்துக்குத் துணை. மேலேயிருந்து விழுந்ததை எல்லாம் பார்த்தேன். பூ நேரத்தில் அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்ததை மட்டும் பார்க்கவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத தூள். பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் நம் எல்லோருக்கும் கண் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். தொந்தரவு மட்டும் பளிச்சென்று தெரியும்.

அந்தப் பெண்ணே ஒரு அவசர வழியும் சொன்னார். பூக்கிற சமயத்தில் ஹேல் மரத்துப் பூங்கிளைகளை வெட்டி, பக்கெட் தண்ணீரில் நிறுத்தி, என் மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். நான்கைந்து நாள் பூ வாடாமல் இருக்கும். அதற்குள் தேனீக்கள் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டால் போதும்.

ஹேல் கிளைக்கு எங்கே போவது? இங்கே விசாரித்தேன், அங்கே விசாரித்தேன். கடைசியில் தெரியவந்தது இதுதான்: ஸ்டெல்லாக்கா தன் மரத்தைக் கன்றாகக் கொண்டுவந்தது இத்தலாரில் இருக்கிற தம்பி வீட்டிலிருந்து. தாய் மரம் அங்கே இன்னமும் நிற்கிறது.

"ஏனுங்க, நீங்க போய் ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றேன் இவரிடம்.

"சண்டை போட்டது ஆரு?" என்று கேட்டுவிட்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் என்ன எடுத்துப் போவார்கள்? பழம், பூ, ஸ்வீட். மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் நான் எடுத்துப் போனது ஒரு மூட்டை ஆட்டுப் புழுக்கை. தலையில் வைத்துக்கொண்டு, வேலி இடைவெளி வழியாக இல்லாமல், ரோட்டைச் சுற்றி, முன்வாசல் வழியாகப் போய்க் கதவைத் தட்டினேன்.

ஸ்டெல்லாக்கா கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்தார். குனிந்து, கட்டை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்து, விரலால் பொடித்து, மோந்து பார்த்தார்.

"நல்லா மக்கியிருக்குது" என்றார்.

இரண்டே முக்கால் வருஷத்துக்கப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துபோய், ரூபியோ, ஹேல், தேனீ, கொட்டகை, பங்குனி என்று உளறினேன். அவர் முழுக்கக் கேட்டார். டீ வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"சத்தமும் சருகும் எனக்குப் பெருசில்லீங்க கௌசல்யா. 'கொல்லப் பாக்குது'ன்னு சொன்னீங்களே... முப்பத்தஞ்சு வருசம் உசுரக் காப்பாத்துன வேலைங்க நான் பாத்தது. என் கைல இருக்கற ஒண்ணு உசுர எடுக்குதுன்னா அது எனக்கு வேண்டாமுன்னு தோணிப்போச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயை விட்டவள் நான். விட்ட வார்த்தை யார்மேல் போய் விழுகிறது என்று பார்க்காமல் விட்டவள். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அவரே சிரித்துக்கொண்டு சூழ்நிலையை மாற்றினார்.

"நானும் ஒண்ணும் புனிதவதி இல்லீங்க. மொத வருசம் உங்க மரம் காய்க்கலைல்ல? எனக்கு ஒரே சந்தோசம். அந்த ஞாயித்துக்கெழமை கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட அதச் சொல்லிட்டேன். அவரு, 'முதல்ல போய் அந்தம்மாகிட்ட சமாதானம் ஆகிட்டு வாங்க'ன்னுட்டாரு."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் வேற கோயிலுக்குப் போயிட்டு இருக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ ஆறிப்போனது. அப்புறம் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அவர் கேரட்டைப் பிடுங்கிக் காட்டினார். விரல் பருமன்கூட இல்லை. "உங்க புழுக்கை நின்னதுல இருந்து இந்தக் கதிதான்" என்றார். எங்கள் பக்கத்தில் அதே புழுக்கை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மலையாகக் குவிந்து கிடந்தது. யாருக்கு லாபம் இந்தச் சண்டையில்?

திரும்பும்போது வேலி இடைவெளி வழியாகவே வந்தோம். ஸ்டெல்லாக்கா ஜிலேபியின் கண் இமையை விலக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, நர்ஸ் குரலில் சொன்னார்.

"நாலு பிளம்ஸ் தின்னா ஆடு ரெண்டு நாள் படுக்காதுங்க. அன்னிக்கு மாவுப் பண்டம் ஏதோ நெறையாத் தின்னுருக்குது. ஆராவது குடுத்தீங்களா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் மலையைப் பார்த்தார்.

"வர்க்கி பிஸ்கட்டு... ஒரு பாக்கெட்" என்றார். "அது ஆசையாப் பாத்துச்சு. அப்பறம் நீ போட்ட சத்தத்துல... சொல்றதுக்கு நேரமே அமையல."

இரண்டே முக்கால் வருஷமாக நேரமே அமையவில்லையாம்! இவரை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் யோசனைகளை அனுப்பலாம்.

பிப்ரவரி பாதியில் என் மரத்தில் மொட்டு வெடித்தது. அன்றைக்கே நானும் ஸ்டெல்லாக்காவும் இத்தலாருக்குக் கிளம்பினோம். பஸ் கதைதான் முதலிலேயே சொன்னேனே? ஸ்டெல்லாக்காவின் தம்பி பாதி மொட்டும் பாதிப் பூவுமாகப் பார்த்துப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். அந்தப் பூவைத்தான் ஸ்டெல்லாக்கா மாப்பிள்ளை என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் பாதி மாப்பிள்ளை காலி.

நான் கயிறு எடுக்க உள்ளே போனேன். ஸ்டெல்லாக்கா ஏணி எடுக்கப் போனார். ஒரு பக்கெட்டை மரத்தடியில் வைத்திருந்தோம். ஜிலேபி அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது பக்கெட்டில் தண்ணீரும் நான்கு குச்சியும். வாயோரத்தில் ஒரு வெள்ளை இதழ் ஒட்டியிருக்க, அது எங்களை மிகுந்த மரியாதையோடு பார்த்தது. நான் கத்தவில்லை. இந்த ஆட்டை முன்னிட்டு ஒரு தடவை கத்தியதன் பலனைத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேனே.

மிச்சம் இருந்த ஒரே பக்கெட்டை ஸ்டெல்லாக்காவே ஏணியில் ஏறி, மரத்தின் நடுக்கவையில் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினார். அறுபத்தாறு வயது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த இவர் முகத்தில்தான் பயம்.

அப்புறம்... பனிமூட்டம்.

முதல் நாள் மூட்டம். இரண்டாம் நாள் மூட்டத்தோடு சாரல். பத்தடியில் இருக்கிற மரம் தெரியவில்லை. குளிரில் தேனீ வெளியே வருமா? ஸ்டெல்லாக்கா வீட்டுக் கல்கட்டு இடுக்கில்தான் அவை கூடு வைத்திருக்கின்றன. நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போய் அந்த இடுக்கைப் பார்ப்போம். ஒன்றுகூடத் தலை நீட்டவில்லை. மூன்றாம் நாள் பக்கெட் பூ ஓரம் பழுக்க ஆரம்பித்தது. நான் தண்ணீரை மாற்றினேன். குச்சியின் நுனியைச் சீவிவிட்டேன். அன்று மதியம் மேஸ்திரி வேறு வந்து நின்றார், "அளவு எடுத்துக்கட்டுங்களா?" என்று.

"அடுத்த மாசம் வாங்க" என்றேன்.

நான்காம் நாள் பத்தரை மணிக்கு மூட்டம் விலகியது. வெயில் என்றால் வெயில், கழுவி வைத்த மாதிரி வெயில். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம்.

"கௌசல்யா! ஓடியாங்க! கெளம்பிருச்சுங்க, கெளம்பிருச்சு!"

ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கல் இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வேலியைத் தாண்டி, நேராக என் மரத்துக்கு. பக்கெட் பூவில் உட்கார்ந்து, எழுந்து, பக்கத்துக் கிளைக்குப் போய், திரும்பவும் பக்கெட்டுக்கு வந்து... மரம் முழுக்க ரீங்காரம். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்டெல்லாக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இவர், சத்தம் போடாதே என்று ஆடுகளைப் பார்த்துக் கை காட்டினார்.

சாயங்காலம் திரும்பவும் மூட்டம் இறங்கிவிட்டது. மறுநாள் பக்கெட் பூ கொட்டிப்போனது. அந்த ஒரு நாள்தான்.

அப்புறம் காத்திருப்பு. பூ உதிர்ந்த காம்பில் முதலில் எல்லாமே பிஞ்சு மாதிரித்தான் தெரியும். இரண்டு வாரம் போனால்தான் எது நிற்கும், எது மஞ்சளித்து விழும் என்று புரியும். அந்த இரண்டு வாரம் நான் மரத்தடிக்குப் போகவே இல்லை. போக தைரியம் இல்லை.

போன திங்கட்கிழமை மேஸ்திரி டேப்போடு வந்தார். இவரும் அவரும் மரத்தடிக்குப் போனார்கள். நான் சமையலறையில் ஒரே வெங்காயத்தை ரொம்ப நேரம் நறுக்கினேன். டேப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் இல்லை. அப்புறம் டேப் சர்ரென்று உள்ளே சுருட்டிக்கொள்கிற சத்தம்.

"கௌசி! இங்க வா."

நடுக்கவையைச் சுற்றி, பக்கெட் தொங்கிய இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்துக்கு, கிளை கிளையாகப் பச்சைப் பட்டாணி அளவில் பிஞ்சு. நுனிக் கிளைகள் வெறுமை. ஆனால் நடுவில்... தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக நின்றது. எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் அது எப்போதாவதுதான் நடக்கும்.

இவர் மேஸ்திரியிடம், "கொட்டாயிய இந்தப் பக்கம் நீட்டிக்கலாமுங்க" என்று தன் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தைக் காட்டினார். இனி ஸ்கூட்டர் மழையில் நனையும். வர்க்கிக்கு அதுதான் பிராயச்சித்தம் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் ஒரு யோசனை சொன்னார். அந்த அதிகாரிப் பெண் சொன்னாராம், ஹேல் குச்சி ஒன்றை என் மரத்திலேயே ஒட்டுக் கட்டிவிட்டால் போதும், ஒரே மரத்தில் இரண்டு ரகமும் பூக்கும். வருஷா வருஷம் பக்கெட் தூக்க வேண்டாம்.

"ஆரு கைலயும் போய் நிக்க வேண்டியதில்ல பாரு" என்றார்.

நல்ல யோசனைதான். செலவில்லை, தொல்லை இல்லை, யார் தயவும் வேண்டாம். நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன். யார் தயவும் வேண்டாம் என்று இருந்துதான் இரண்டே முக்கால் வருஷம் பார்த்தாயிற்றே? புழுக்கை மலையாகக் கிடந்தது, கேரட் விரலாக இளைத்தது, நான் கோழியிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாமுங்க. நான் ஸ்டெல்லாக்கா தோட்டத்துலயே ஒரு கன்னு நட்டுக் குடுக்கறேன்" என்றேன்.

இத்தலார்த் தம்பி ஒரு ஒட்டுக் கன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். குழியை இப்போதே எடுத்து ஆறப்போட்டால் ஜூன் மழைக்கு நடலாம். புதன்கிழமை கடப்பாரையும் நான்கு மூட்டைப் புழுக்கையுமாகப் போனேன். பழைய அடிக்கட்டைக்குப் பக்கத்தில், வேலி ஓரமாக, முதல் போடு போடப் போனேன். ஸ்டெல்லாக்கா கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். ஆறடி உள்ளே தள்ளிப் போய்க் காலால் ஒரு கோடு கிழித்தார்.

"இங்க எடுங்க. கொட்டாயி மேல ஒரு எலை விழுகக் கூடாது. நாளைக்கு நமக்குள்ள மறுக்காச் சண்டை வந்தாலும், இதுக ரெண்டும் பேசிட்டு இருக்கோணும்."

முன்னெச்சரிக்கை நல்லதுதான். நேற்றே ஒரு சின்னச் சண்டை வந்துவிட்டது, குழிக்கு இரண்டு மூட்டைப் புழுக்கையா, மூன்றா என்று. மரத்துக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.